முதல் பக்கத்தில் யாருமில்லை

பவானி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பு முன்னால் நின்று காரக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புதுச்சேரியில் நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு இருந்த மாடி அறை. அடுப்பு, இரண்டு கட்டில், மேசை எல்லாம் அந்த ஒரே அறைக்குள்தான்.

பவானி என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் நான் எழுதியதை எனக்கே படித்துக் காட்டுவாள். அவள் வாயில் தடுக்குகிற வரியை நான் அடித்துவிடுவேன். பல வருஷமாக அப்படித்தான்.

அன்றைக்கு அவள் கையில் இருந்தது என் முதல் நாவலின் முதல் பக்கம். பல தடவை எழுதிக் கிழித்த பிறகு, அந்த வாரம்தான் ஒருவழியாக அமைந்திருந்தது.

"நடுப்பகல். பாத்திகளில் தண்ணீர் அசையவில்லை. வரப்பு ஓரமாகக் கீற்று போர்த்திய மேடுகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. எண்ணினால் ஒன்று கூடுதலாக வரும் என்று தோன்றியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போட்டவர் யாரும் கண்ணில் படவில்லை. வீட்டின் பின்வாசல் கதவு திறந்திருந்தது. வெளிறிப்போன அந்த வெளியின் நடுவே, புதிதாக வந்தவளின் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது, பாத்தியைப் பார்த்தபடி."

அவள் குரல் நின்றுவிட்டது.

"அக்கா."

"என்ன, எங்கேயாவது தடுக்குதா?"

"இது ரவி வீட்டுப் பின்வாசல்தானே?"

நான் கரண்டியைக் கழுவினேன். அது ஏற்கெனவே கழுவிய கரண்டி.

ரவி அவளுக்கு நிச்சயமாகியிருந்த பையன். தட்டு மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஆமா. இடத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன். கதை வேற" என்றேன்.

"புதுசா வந்தவ யாரு?"

"கதையில வர்ற பொண்ணு."

"செத்துப்போயிடுவாளா?"

"இன்னும் முடிவு பண்ணல."

அவள் காகிதத்தை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். சாப்பிடும்போது குழம்பில் உப்பு குறைச்சல் என்றுகூடச் சொல்லவில்லை. குறைச்சலாகத்தான் இருந்தது.

வீடு பார்க்கப் போன நாள்

அந்தப் பின்வாசல் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க எங்கள் ஊர் பிரம்மதேசத்திலிருந்து ஒரு வேனில் போனோம். அப்பா, அம்மா, பெரியப்பா வீட்டுக்காரர்கள், நான். மரக்காணத்தில் மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் உப்பளம். அதன் விளிம்பிலேயே வீடு. ரவியின் குடும்பம் பல வருஷமாகக் குத்தகைக்கு எடுத்து உப்பு போடுகிறவர்கள்.

முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நெருக்கிப் போட்டிருந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பவானிக்கு முப்பது தாண்டிவிட்டது. அதற்கு முன் ஒரு சம்பந்தம் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்தது. அதனால் எங்கள் அம்மா அன்றைக்கு எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். கதவைத் தாண்டிக் காலை வைத்ததும் கண் கூசிவிட்டது.

உப்பளத்து வேலை விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். நான் போய் நின்றது பன்னிரண்டு மணி வெயிலில். பாத்திகளில் ஆள் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். ஈரச் சேற்றின் வாசனை. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் சுட்டபோதுதான் உள்ளே வந்தேன். வேனில் திரும்பும்போது முதல் வாக்கியம் வந்துவிட்டது. அன்றிரவே பவானியிடம் அந்தப் பின்வாசலைப் பற்றிச் சொன்னேன்.

பயம் எதில் இருக்கிறது

இதை நான் எந்தப் புத்தகத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. போன வாரம் இந்தத் தொடரில் எழுதினேனே, நான் வேலை பார்த்த அச்சகம், அங்கேதான் பாதி கற்றேன்.

கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஒரே கம்ப்யூட்டரில்தான் அடிப்பேன். கல்யாணப் பத்திரிகைக்கு எத்தனை அடைமொழி போட்டாலும் போதாது. போஸ்டர் அப்படி இல்லை. ஒருவர் தன் தம்பிக்காக நாலு வரி கவிதை எழுதிக்கொண்டு வந்தார். நான் அடித்து, தெருவில் ஒட்டினார்கள். யாரும் நின்று பார்க்கவில்லை. இன்னொரு குடும்பம் படத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனது. சின்னப் பையன், பள்ளிச் சீருடையில் சிரிக்கிறான். கீழே பேர் மட்டும். அந்தச் சுவரைக் கடக்கிறவர்கள் நடையைக் குறைத்தார்கள்.

மீதிப் பாதி, ஊரில். பவானிக்கு ஐந்தாறு வயசு இருக்கும். கழனிப் பக்கம் பாழடைந்த பம்ப்செட் அறை ஒன்று இருந்தது. அதற்குள் பேய் இருக்கிறது என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். அவள் அதற்கெல்லாம் பயப்பட மாட்டாள். நான் ஒருநாள், "அந்த ரூம் கதவு உள்பக்கமா தாழ் போட்டிருக்குது" என்று மட்டும் சொன்னேன். ஒரு வருஷம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

சொல்லாமல் விடுகிற இடத்தைக் கேட்கிறவர் தானே நிரப்பிக்கொள்கிறார். நிரப்புவதற்கு அவரிடம் என்ன இருக்கிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. பவானியிடம் அப்போது ஒரு நிச்சயதார்த்தப் புடவை இருந்தது.

"உனக்கு என்ன தெரியும்?"

மறுநாள் கடையிலிருந்து வந்ததும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா."

அந்தப் பக்கம் என்ன சத்தம் என்று எனக்குக் கட்டிலிலிருந்தே கேட்டது. கொஞ்ச நேரத்தில் போன் என் கைக்கு வந்தது.

"என்னடி எழுதித் தொலைச்சே?" என்றார் அம்மா. "உன் தங்கச்சி வாழ்க்கைதான் கெடைச்சுதா உனக்கு?"

"கதைம்மா."

"கதையா? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்து உக்காந்திருக்காரு உங்கப்பா. அவர்கிட்ட போய்க் கதைன்னு சொல்றியா?"

போனை வைத்த பிறகு பவானி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"ரவியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"யாராச்சும் எதுனா சொன்னாங்களா?"

"இல்ல பவா."

"அப்புறம் எப்படி இப்படி எழுதினே? உனக்கு அவர்கிட்ட என்னமோ புடிக்கல. என்கிட்ட சொல்ல முடியாம எழுதிட்டே."

நான் அந்தக் காகிதத்தை எடுத்து விரித்தேன். பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினேன்.

"இங்க பாரு. அன்னைக்கு அங்க நெறைய கொக்கு நின்னுச்சு. எடுத்துட்டேன். மெயின் ரோட்டுல பஸ்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்தான். எடுத்துட்டேன். மோட்டார் ஷெட்டுல ஒரு ஆளு துண்டை விரிச்சுப் படுத்திருந்தாரு. குறட்டை கேட்டுது. அவரையும் எடுத்துட்டேன். உப்பு பளபளன்னு இருந்துச்சு, வெளிறிப்போனதுன்னு போட்டேன். உப்புக் குவியலை மேடுன்னேன். மூடினதுன்னு சொல்லாம போர்த்தினதுன்னு சொன்னேன். அவ்ளோதான். இதுல ரவி எங்க இருக்கான்?"

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். புரிந்தது. பிறகு கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"செருப்பு?"

"அது அங்க இல்ல. நானா வச்சது."

"எடுத்ததெல்லாம் சரி. இதை ஏன் வச்சே?"

வாக்கியத்துக்கு நன்றாக இருந்தது என்று சொன்னேன். அது உண்மைதான். அவளுக்கு அது போதவில்லை.

"நானே போய்ப் பார்க்கிறேன்" என்றாள். "நீ நின்ன அதே நேரத்துக்கு. நீயும் வா."

பன்னிரண்டு மணி வெயில்

யாருக்கும் சொல்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். மரக்காணத்தில் இறங்கி, வீட்டுப் பக்கம் போகாமல் உப்பளத்துக்குள் வண்டி போகிற பாதையில் நடந்தோம். பவானி குடையை விரித்தாள். காற்று அதைப் பின்னால் மடக்கியது. சுருக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஆறுதலாக அங்கே நாலு பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். இல்லை. அன்றைக்குக் கொக்குகூட இல்லை. நான் எழுதியதைவிட வெறுமையாக இருந்தது. தூரத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பவானி வரப்பிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. குடைக் கம்பியை இறுக்கிப் பிடித்த கையைத்தான் பார்த்தேன்.

"அக்கா, நீ ஒண்ணும் பொய்யா எழுதல" என்றாள்.

அப்போது மோட்டார் நின்றது. ஷெட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கையெல்லாம் கிரீஸ். ரவி.

எங்களை அடையாளம் தெரிந்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார். "என்னங்க, சொல்லாம வந்திருக்கீங்க? வீட்டுக்கு வாங்க, அம்மா இருக்காங்க" என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "எதுனா பிரச்சனைங்களா?"

பவானி பையைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவள் அதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இதைப் படிங்க. அக்கா எழுதினது."

அவர் கையை லுங்கியில் துடைத்து வாங்கிக்கொண்டார். ஷெட் நிழலில் மூன்று பேரும் நின்றோம். மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். என் புத்தகத்துக்கு எவ்வளவோ பேர் மதிப்புரை எழுதிவிட்டார்கள். அந்த நிழலில் காத்திருந்தது போல எதற்கும் காத்திருந்ததில்லை.

"நம்ம இடம்தான்" என்றார். "படிக்கிறப்ப எனக்கே ஒருவாட்டி பின்னாடி திரும்பிப் பார்க்கணும் போல இருந்துச்சு."

அவர் வீட்டுப் பக்கம் கை காட்டினார்.

"அன்னைக்கு நீங்க பின்வாசல்ல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தீங்கக்கா. அம்மா பார்த்துட்டு வந்து, டேய், பொண்ணோட அக்காவுக்கு நம்ம இடம் ரொம்பப் புடிச்சுப்போச்சுடான்னு சொன்னாங்க."

பிடித்துத்தான் இருந்தது. பிடித்த இடத்தைத்தான் அப்படி எழுதியிருந்தேன். அதை அந்த வெயிலில் அவருக்கு விளங்கவைக்க எனக்குத் தெரியவில்லை.

அவர் காகிதத்தை மடித்துப் பவானியிடம் கொடுத்தார். பிறகு அவளைப் பார்த்தே பேசினார்.

"இங்க பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்லேன்னு நான் சொல்ல மாட்டேங்க. இருக்குது. மழை மாசத்துல இந்த இடம் பூரா தண்ணி. முன்னாடி ஒரு புயல்ல வீட்டுக்குள்ளயே முழங்காலுக்கு மேல நின்னுச்சு. அம்மாவைத் தூக்கிக்கிட்டுதான் வெளிய வந்தோம். ஸ்கூல்ல தங்கினோம். தண்ணி வடிஞ்சதும் பாம்பு வரும். அந்த மாசத்துல உப்பு வேலை கெடையாது. நான் லாரி ஓட்டப் போயிடுவேன். பத்து நாளு, பதினஞ்சு நாளு வீட்ல இருக்க மாட்டேன். அப்புறம் இது."

காலைத் தூக்கிக் காட்டினார். குதிகால் முழுக்க வெடிப்பு, உள்ளே வெள்ளையாக.

"இந்தத் தண்ணியில நின்னு நின்னு இப்படித்தான் இருக்கும். ஆறாது. நிச்சயத்தன்னைக்கே சொல்லணும்னு பார்த்தேன். யாரு பேச விட்டாங்க?"

பவானி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க லாரிக்குப் போயிட்டா, தண்ணி வந்தா, நான் என்ன பண்றது?"

"முன்னாடியே எச்சரிக்கை குடுத்துடுவாங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் பாண்டிக்கு அக்கா ரூமுக்குப் போயிடுங்க. நானும் நேரா அங்க வந்துடுறேன்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க வேலைய விடவும் வேணாம். இங்கிருந்து பஸ் இருக்குது."

அவ்வளவுதான் நடந்தது. அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தோம். ரோடு ஏறுகிற வரைக்கும் அவர் ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பவானி ஜன்னல் ஓரம்.

"நான் சரின்னு சொல்லப்போறேன்" என்றாள்.

"சரி."

"நீ எழுதினதைப் படிச்சப்போ என்னமோ நடக்கப்போவுதுன்னு இருந்துச்சு. என்னன்னு தெரியல. அதான் தாங்க முடியல. அவரு என்னென்னன்னு சொல்லிட்டாரு. தண்ணி, பாம்பு, லாரி. இப்பவும் பயமாத்தான் இருக்குது. ஆனா இதுக்கு எதுனா பண்ணலாம்."

நாவல் எழுதுவது பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட பேச்சுகளில், இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அவளோ அதைக் கல்யாணம் பற்றித்தான் சொன்னாள்.

கூனிமேட்டில் பஸ் நின்றது. பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு ஏறியது. பவானி நகர்ந்து அந்த அம்மாளுக்கு இடம் கொடுத்தாள். அந்தக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"செருப்பு ஏன்னு எனக்குத் தெரியும்."

"ஏன்?"

"உன்னை விட்டுட்டு நான் போறேன்ல."

டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். புதுச்சேரி சேருகிற வரைக்கும் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "அதை எடுத்துடுறேன்" என்றேன். "எடுத்துடு" என்றாள்.

அந்தப் பக்கத்தில் ஆக நல்ல வரி அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அது இல்லாமல்தான் புத்தகம் வந்தது.

சரோஜாம்மா

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பவானி தினமும் மரக்காணத்திலிருந்து கடைக்குப் பஸ்ஸில் வந்துபோனாள். சாயங்காலம் சில நாள் அறைக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டு ஓடுவாள். படிக்க நேரம் இருக்காது. நான் எழுதியதை நானே சத்தமாகப் படித்துப் பார்த்தேன். என் வாயில் எதுவும் தடுக்கவில்லை. அதனால் பயனும் இல்லை.

நாவல் வெளியானபோது ஒரு பிரதியைக்கூட ரவியின் அம்மாவிடம் யாரும் காட்டக் கூடாது என்று பவானியும் நானும் பேசிவைத்திருந்தோம். அவர் பேர் சரோஜா. எட்டாவது வரை படித்தவர். பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படிப்பார். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?

ஒருநாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். எப்போதும் போலக் கூட்டம். உப்பு ஏற்ற வந்த லாரிக்காரர்களுக்கு டீ, வேலை முடித்து வந்த பெண்களுக்குக் கஞ்சி, யாரோ சொந்தக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஒரு குக்கர் கத்தியது. சரோஜாம்மா சமையல்கட்டிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் என் புத்தகம்.

"ஏம்மா, மொதல் பக்கம் நம்ம வீடுதானே?"

பவானி கதவருகே அப்படியே நின்றாள்.

"ஆமாங்க" என்றேன். "சும்மா கதைக்காக. படிக்கப் பயமா இருந்துச்சுங்களா?"

"பயமா?" என்றார். "நடுப்பகல், ஆளே இல்ல, பேச்சுச் சத்தம் இல்ல, கதவு தொறந்து கெடக்குது. கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த வீட்ல எனக்கு அப்படி ஒரு மத்தியானம் கெடைச்சதில்லம்மா. அந்த எடத்தையே நாலுவாட்டி படிச்சேன்."

உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"உன் ரூமுக்கு மத்தியானத்துல யாராச்சும் வருவாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க. நானும் பிரஸ்ஸுக்குப் போயிடுவேன்."

"ரெண்டு நாள் வந்து இருக்கட்டுமா?"

வந்தார். ஒரு ஒயர் கூடையில் இரண்டு புடவையோடு. முதல் நாள் நான் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். புதிய இடத்தில் எப்படி இருக்கிறாரோ என்று மத்தியானமே பர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே பவானியின் கட்டிலில் சரோஜாம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். டிவி இல்லை, போன் இல்லை. ஃபேன்கூடப் போடவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"ஸ்ஸ்" என்றார். "பேசாம வந்து உக்காரும்மா."

நான் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.